பதிமூணாவது பெயர்

நவம்பர் 3, திங்கள்

லீக் நடத்துறவங்க கோச்சுகளுக்கு ஆளுக்கொரு நோட்டு கொடுத்திருக்காங்க. பயிற்சிக் குறிப்பு எழுதணுமாம். அதெல்லாம் இப்ப லேப்டாப்புல போயிடுது, எங்க மேனேஜர் திவாகர் பார்த்துக்கிறார். நோட்டு என்னமோ நல்ல கனமான தாளு, சும்மா விட மனசில்ல. என் பாட்டை எழுதிட்டுப் போறேன்.

கோயம்புத்தூர் வந்து ரெண்டு நாளாச்சு. மகளிர் கூடைப்பந்து லீக். எட்டு டீம், ரெண்டு பிரிவு, நாலு வாரம், எல்லா ஆட்டமும் இந்த ஒரே ஸ்டேடியத்துல. நான் சேலம் டீமுக்கு உதவிக் கோச். பேரு அமலதாஸ், வயசு ஐம்பத்து மூணு. தூத்துக்குடியில இருபத்து ரெண்டு வருசம் பி.இ.டி. வாத்தியாரா விசில் ஊதினேன். அப்புறம் மாவட்ட ஜூனியர் டீம். அப்புறம் மாநில டீமுக்கு உதவி. ஒரே ஒரு வருசம் பதினெட்டு வயசுக்குட்பட்ட மாநில டீமுக்குத் தலைமைக் கோச். அடுத்த வருசமே வேற ஆளைப் போட்டுட்டாங்க. போன வருசம் விருப்ப ஓய்வு வாங்கிக்கிட்டு இந்தத் தொழில்முறை லீக்குக்கு வந்தேன். லீமா நாலு நாள் என்கூடப் பேசலை. பொண்டாட்டின்னா அப்படித்தான்னு விட்டுட்டேன்.

எங்க தலைமைக் கோச் மங்கையர்க்கரசி. எல்லாருக்கும் அரசி மேடம். மூட்டு வலி தாங்க முடியலை, இந்த சீசனோட நிறுத்திக்கிறாங்க. அடுத்த வருசம் அந்த இடம் யாருக்குன்னு யாரும் வாயைத் திறக்கலை. எனக்கு ஆசை இருக்கு. முப்பது வருசமா இருக்கு. வெளிய காட்டிக்காம பந்துக்குக் காத்தடிச்சுக்கிட்டிருக்கேன்.

கொச்சி டீம் பட்டியலைப் பார்த்தேன். ஜெனோவா அமலதாஸ், வயசு இருபது, கார்டு. பந்தைக் கொண்டு போய் ஆட்டத்தை நடத்துற இடம் அது. என் மகள். அவ பேருக்குப் பின்னால என் பேரு இன்னும் இருக்கு. இப்ப எங்க ரெண்டு பேருக்கும் உள்ள சம்பந்தம் அது ஒண்ணுதான்.

நவம்பர் 5, புதன்

இந்த ஆட்டத்துல ஒரு ரூல். பெஞ்ச் பக்கம் ஒரே நேரத்துல ஒரு கோச்தான் எழுந்து நிக்கலாம். தலைமைக் கோச் நின்னா உதவிக் கோச் உட்காரணும். இன்னைக்கு முதல் ஆட்டத்துல என்னையறியாம மூணு தடவை எழுந்துட்டேன். மூணாவது தடவை ரெஃப்ரி ஓடிக்கிட்டே என்னைப் பார்த்து உள்ளங்கையைக் கீழ அழுத்திக் காட்டினார். இருபத்து ரெண்டு வருசம் நான் பிள்ளைங்களுக்குக் காட்டின சைகை. எங்க பொண்ணுங்க வாயைப் பொத்திக்கிட்டு சிரிக்குதுங்க.

ஜெயிச்சோம், பதினோரு பாயிண்ட்.

சாயங்காலம் லீமா போன். "பிள்ளைக்கு ஏசி ஒத்துக்கலையாம். மூக்கடைப்பாம்."

"சரி."

"என்ன சரி? ஒரே ஊர்லதான இருக்கீங்க. ஒரு மாத்திர வாங்கிட்டுப் போய்க் குடுத்தா குறைஞ்சா போயிருவீங்க?"

"அவங்க டீமுக்கு டாக்டர் இருப்பாரு."

அப்புறம் மோட்டார் ரிப்பேர்னு சொல்லிட்டு வச்சுட்டா.

நவம்பர் 7, வெள்ளி

எழுதித்தான் வச்சிருவோம். வேற யார்கிட்ட சொல்லப் போறேன்.

நான் மாநில டீமுக்குக் கோச்சா இருந்த அந்த ஒரு வருசம், ஜெனோ பதினேழு வயசுல தேர்வுக்கு வந்தா. பட்டியல்ல பன்னெண்டு பேருக்குத்தான் இடம். அவ பதிமூணாவது. மகள்ங்கிறதுக்காக இன்னொருத்தி வீட்டுப் பிள்ளையோட இடத்தைப் பிடுங்கிக் கொடுக்க முடியுமா? கொடுக்கலை. நேஷனல் போட்டிக்குப் போகாததால அவளுக்கு சர்டிபிகேட் இல்ல. சர்டிபிகேட் இல்லாததால சென்னைக் காலேஜ்ல ஸ்போர்ட்ஸ் கோட்டா சீட்டு இல்ல. கோட்டயத்துல ஒரு காலேஜ்ல ஆட்டத்தைப் பார்த்தே சேர்த்துக்கிட்டாங்க. பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போனவதான். லீவுக்கு வருவா, அம்மாகிட்ட பேசுவா, சாப்பிடுவா. நான் வீட்டுக்குள்ள வந்தா எழுந்து மாடிக்குப் போயிருவா. மூணு வருசம்.

அப்ப என்னைப் பாராட்டாத ஆள் இல்ல. தாஸ்னா தாஸ்தான்யா, சொந்த மகளையே தூக்கிட்டாரேன்னு. லீமாவோட அண்ணன் மட்டும் என்னை நியாயமில்லாத ஆளுன்னு சொல்லப் போக, லீமா அவர் வீட்டுப் படியேறி சண்டை போட்டுட்டு வந்தா. "எங்க வீட்டுக்காரர் சொன்னா சொன்னதுதான், பதிமூணாவதுன்னா பதிமூணாவதுதான்"னு. அண்ணன் தங்கச்சிக்குள்ள பேச்சுவார்த்தையும் இன்னைக்கு வரைக்கும் இல்ல.

நவம்பர் 10, திங்கள்

மழை. துவைச்ச ஜெர்சி ஒண்ணும் காயலை.

நவம்பர் 12, புதன்

எங்களுக்கு இன்னைக்கு ஆட்டம் இல்ல. கொச்சிக்கு இருந்தது. நான் போகலைன்னுதான் இருந்தேன். ரூம்ல உட்கார்ந்து பேப்பரைப் பத்துத் தடவை படிச்சதுதான் மிச்சம். தொப்பியை மாட்டிக்கிட்டுப் போய் மேல் கேலரியில, தூணுக்குப் பின்னால இடம் பிடிச்சேன். ஐம்பத்து மூணு வயசுல சொந்த மகளைப் பார்க்க ஒளிஞ்சுக்கிட்டு உட்கார வேண்டியிருக்கு. என்ன பொழப்பு இது.

மெலிஞ்சிருக்கா. முடியைக் கழுத்தோட வெட்டிட்டா. சின்ன வயசுலேர்ந்து ஏழாம் நம்பர் போட்டுத்தான் ஆடுவா, இப்ப முதுகுல பதிமூணு. டீம்ல மிச்சமிருந்த நம்பரைக் கொடுத்திருப்பாங்க.

முதல் பாதி முடியுறதுக்குள்ள எழுந்து வந்துட்டேன். தூசி, கண்ணுக்கு ஒத்துக்கலை. அவ நல்லாத்தான் ஆடுறா. அப்பவும் நல்லாத்தான் ஆடினா. பன்னெண்டுக்கும் பதிமூணுக்கும் நூலிழைதான் வித்தியாசம்னு நான் அன்னைக்கே சொல்லியிருக்கேன்.

நவம்பர் 15, சனி

அரசி மேடமுக்குன்னு ஒரு முறை உண்டு. எதிர் டீம்ல ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு தாள், தாளுக்கு மூணே வரி. என்ன செய்வா, என்ன செய்ய மாட்டா, நாம என்ன செய்யணும். நாலாவது வரி எழுதினா கிழிச்சுப் போட்டுடுவாங்க. "பொண்ணுங்க ஓடிக்கிட்டே ஞாபகம் வச்சுக்கணும் தாஸ். கதை எழுதாதீங்க"ம்பாங்க.

இந்த சீசன் பூரா அந்தத் தாள் என் பொறுப்பு. வீடியோவைப் பார்க்கிறது, நிறுத்துறது, திருப்பிப் பார்க்கிறது. ஒருத்தி பாஸ் கொடுக்கிறதுக்கு முன்னால எந்தப் பக்கம் கண்ணை ஓட்டுறா, களைச்சா எந்தக் கையை இடுப்புல வைக்கிறா, எல்லாம் புடிபடும். இதுவரைக்கும் என் தாள் ஒண்ணுகூடப் பொய்க்கலை. இன்னைக்கு நாங்க ஜெயிச்சது அந்தத் தாளால்தான்னு மேடம் எல்லார் முன்னாலயும் சொன்னாங்க. காது குளிர்ந்து போச்சு.

நவம்பர் 18, செவ்வாய்

மேடமுக்கு முட்டி வீங்கிப் போச்சு. மூணாவது குவார்ட்டர்ல என் தோளைத் தட்டி, "நீங்க நில்லுங்க தாஸ்"ன்னுட்டு உட்கார்ந்துட்டாங்க.

நின்னேன். இருபது நிமிசம். டைம் அவுட் கேட்டது நான். ஆள் மாத்தினது நான். எங்க கார்டு நிரஞ்சனா ஒவ்வொரு தடவை பந்தோட வரும்போதும் மேடமைப் பார்க்காம என்னைப் பார்த்தா. ஏழு பாயிண்ட் பின்தங்கி இருந்த ஆட்டம், நாலு பாயிண்ட்ல ஜெயிச்சோம். ஆட்டம் முடிஞ்சு அரை மணி நேரம் காலு தரையில பாவலை.

திவாகர் வந்து கையைப் பிடிச்சு, "அடுத்த வருசத்தைப் பத்தி ஓனர்கிட்ட மேடம் பேசுவாங்க சார். செமி ஃபைனல் முடியட்டும்"னார். எனக்கு அழுகை வர்ற மாதிரி ஆயிடுச்சு. மூக்கைச் சிந்திக்கிட்டு, "பார்க்கலாம், பார்க்கலாம்"னேன்.

லீமாகிட்ட சொன்னேன். சந்தோசப்பட்டா. "பிள்ளையும் கேட்டா சந்தோசப்படும்"னா. "அவகிட்ட சொல்லப் போறியா?"ன்னேன். "நீங்க சொல்லுங்களேன்"ன்னா. வச்சுட்டேன்.

நவம்பர் 20, வியாழன்

ஸ்டேடியத்துக்கு எதிர்ல பேக்கரி. தேங்காய் பன்னும் டீயும் அங்கதான் எனக்கு தினமும் பதினோரு மணிக்கு. இன்னைக்கு டீயை வாங்கிட்டுத் திரும்பினா கொச்சி டீம் பொண்ணுங்க நாலு பேர் நிக்கிறாங்க. அதுல ஒருத்தி இவ.

மூணடி தூரம். மூக்கு இன்னும் சிவந்துதான் இருக்கு. அவங்க மலையாளத்துல என்னமோ பேசிச் சிரிச்சுக்கிட்டிருந்தாங்க, என்னைப் பார்த்ததும் நிறுத்தினாங்க. சேலம் டீம் கோச்னு தெரியும்ல. ஒருத்தி, "குட் மார்னிங் சார்"ன்னா. அடுத்தவளும் சொன்னா. வரிசையா வந்துச்சு. இவ முறை வந்ததும் என் சட்டைப் பட்டனைப் பார்த்துக்கிட்டு, "குட் மார்னிங் சார்"ன்னா.

நானும், "குட் மார்னிங்"னேன்.

டீ ஆறிப் போச்சு. அப்படியே வச்சுட்டு வந்துட்டேன். என்னை அவ திட்டியிருக்கலாம். நாலு பேர் முன்னால முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போயிருந்தாக்கூட இவ்வளவு வலிச்சிருக்காது. அவ "எப்பா"ன்னு கூப்பிட்டு மூணு வருசம் ஆச்சு. அந்த ஒரு வார்த்தைக்கு நான் எப்படி ஏங்கிப் போயிருக்கேன்னு இன்னைக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது.

நவம்பர் 24, திங்கள்

செமி ஃபைனலுக்குப் போயாச்சு. சனிக்கிழமை. எதிர் டீம் கொச்சி.

நவம்பர் 26, புதன்

கொச்சி டீம்ல பன்னெண்டு பேர். பதினோரு தாள் எழுதி மேடம் மேசையில வச்சேன். அவங்க எண்ணிப் பார்க்கலை, நிமிர்ந்து என்னைப் பார்த்தாங்க.

"உங்களால முடியலைன்னா சொல்லுங்க தாஸ். திவாகர் வீடியோ பார்த்து எழுதிடுவார். நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

"இல்ல மேடம், எழுதிடறேன்."

"அவங்க டீமே அந்தப் பொண்ணுதான். பதினோரு தாளும் அந்த ஒரு தாளும் சமம்." கொஞ்ச நேரம் முட்டியைத் தேய்ச்சாங்க. "அடுத்த வருசம் இந்த நாற்காலியில உட்கார்ற ஆளு, எந்தத் தாளையும் எனக்கு வேண்டாம்னு சொல்ல முடியாது. அது மட்டும்தான் நான் சொல்லுவேன்."

நியாயமான பேச்சுதான். நான் எதுக்கு ஓடினேன், எதுக்கு வேலையை விட்டேன், இதுக்குத்தான? கொச்சி கடைசியா ஆடின நாலு ஆட்டத்தோட வீடியோவையும் வாங்கிட்டு வந்தேன்.

நவம்பர் 27, வியாழன்

காலையில அஞ்சு மணிக்கு உட்கார்ந்தவன் மத்தியானம் ஒரு மணி வரைக்கும் நாலு ஆட்டமும் பார்த்தேன். பார்த்தேன்தான். ஆனா தாள்ல எழுதினது வீடியோவுல இருந்து வந்ததில்ல.

ஜெனோவுக்குப் பதினாலு வயசு இருக்கும்போது எங்க பள்ளிக்கூட சிமெண்டுத் தரையில எம்பி விழுந்தா. இடது கணுக்கால். "ஒண்ணுமில்லட்டி, எழுந்து ஓடு"ன்னேன். ஓடினா. அழுதுக்கிட்டே அரை மணி நேரம் ஓடினா. மறுநாள் எக்ஸ்ரேயில விரிசல். ஆறு வாரம் கட்டு. கட்டைப் பிரிச்ச பிறகு அந்தக் காலை அவ நம்பவே இல்ல. வலது பக்கமாப் பந்தைக் கொண்டு போய்க் கூடைக்கு எம்பணும்னா இடது காலை ஊன்றித்தான் எம்பணும். அவ எம்ப மாட்டா. நின்னுருவா, இல்ல பாஸ் கொடுத்துருவா. பார்க்கிறவங்களுக்கு அது ஏதோ யோசிச்சு ஆடுற ஆட்டம் மாதிரித் தெரியும். பயம்னு இந்த உலகத்துல ரெண்டு பேருக்குத்தான் தெரியும்.

அதைத்தான் எழுதினேன். 'இடது பக்கம் நல்லாப் போவா. வலது பக்கம் போனா இடது காலால எம்ப மாட்டா. இடது பக்கத்தை அடைச்சு வலதைத் திறந்து விடு.' மூணு வரி.

எழுதிட்டுக் கையைக் கழுவினேன். எதுக்குக் கழுவினேன்னு தெரியலை. தொழில்னா இதுதான். அவ எதிர் டீம், நான் கோச். அன்னைக்கும் அதைத்தான் செஞ்சேன். சரி, பதிமூணாவது இல்ல, எட்டாவதோ ஒன்பதாவதோன்னே வச்சுக்குவோம். கோச்சுக்கு மகள்னு ஒருத்தி டீம்ல இருந்தா அந்த டீம் உருப்படுமா? தேர்வுக் குழுவில ஒருத்தர் டீயை உறிஞ்சிக்கிட்டே, "என்ன தாஸ், பாப்பாவையும் சேர்த்துத்தானே பன்னெண்டு?"ன்னு கேட்டார். சிரிச்சுக்கிட்டே கேட்டார். அந்தச் சிரிப்பை நீங்க பார்த்திருக்கணும்.

யாரை 'நீங்க'ங்கிறேன் நான்.

நவம்பர் 28, வெள்ளி

பயிற்சியில மேடம் தாளை வாசிச்சதும் நிரஞ்சனா கையைத் தூக்கினா. "சார், வலது கை ஆட்டக்காரிக்கு வலது பக்கத்தையா திறந்து விடறது? யாரும் இப்படிச் செய்ய மாட்டாங்களே."

"நம்பும்மா"ன்னேன்.

மேடம் என்னையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. அப்புறம், "அவருக்குத் தெரியாததா? சொன்னபடி செய்"ன்னாங்க.

மத்தியானம் லீமா வந்து இறங்கினா. பை நிறைய எங்க ஊரு முந்திரி மக்ரூன், பாதி எனக்கு, பாதி ஜெனோவுக்கு. நாளைக்கு நீ எந்தப் பக்கம் உட்காரப் போறன்னு கேட்டேன். "நடுவுல"ன்னா. "ரெண்டு பேரும் என் பக்கத்துல வந்து உட்கார்ற நாளு வந்தா, அன்னைக்கு வேற இடம் பார்ப்பேன்." சாதாரணமாத்தான் சொன்னா. நான் கையில எடுத்த மக்ரூனைத் திருப்பிப் பையிலயே போட்டேன்.

நவம்பர் 29, சனி

ஆட்டம் மூணு மணிக்கு ஆரம்பிச்சது, அஞ்சுக்கு முடிஞ்சது. இப்ப ரூமுக்குத் திரும்புற பஸ்ல உட்கார்ந்து எழுதுறேன்.

முதல் நிமிசத்துலயே பந்து அவ கைக்கு வந்தது. நிரஞ்சனா தாள்ல இருந்தபடி இடது பக்கத்தை அடைச்சு நின்னு வலதைத் திறந்து விட்டா. ஜெனோ ஒரு கணம் நின்னா. திறந்து கிடக்கிற வழியைப் பார்த்தா. அப்புறம் எங்க பெஞ்சைப் பார்த்தா. என்னைத்தான் பார்த்தா. இது யாரு எழுதினதுன்னு அவளுக்குப் புரிஞ்சு போச்சு. வேற யாருக்குத் தெரியும்?

வலது பக்கம் போனா. இடது காலை ஊன்றினா. எம்பினா. கூடைக்குள்ள விழுந்தது.

ரெண்டாவது தடவையும் அதே வழி. மூணாவது தடவையும். அந்தக் கால் பொய் சொல்லலை, பயம்னு ஒண்ணு அதுல துளிகூட இல்ல. முதல் பாதியில மட்டும் பத்தொன்பது பாயிண்ட். இடைவேளையில மேடம் திட்டத்தை மாத்தினாங்க. ஆனா அவளுக்குச் சூடு ஏறிடுச்சு. மொத்தம் இருபத்தேழு. ஆறு பாயிண்ட்ல தோத்தோம்.

வெட்கக்கேட்டை எழுதுறேன். அவ ஒவ்வொரு தடவை எம்பும்போதும் எனக்குக் கை தட்டணும் போல இருந்தது. ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆட்டம் முடிஞ்சா ரெண்டு டீமும் எதிரெதிரா வரிசையில வந்து கையோட கை தட்டிக்கிட்டுப் போகணும், கோச்சுகளும் சேர்த்து. அவ வந்தா. கையைத் தட்டலை, பிடிச்சா. வியர்வையில வழுக்குது. மூச்சு வாங்கிக்கிட்டே மெல்லச் சொன்னா.

"எப்பா, அது சரியாயி ரெண்டு வருசமாச்சு."

விட்டுட்டு அடுத்த ஆள் கையைத் தட்டப் போயிட்டா. எனக்குப் பின்னால வந்தவங்க என்னை இடிச்சுக்கிட்டுப் போனாங்க.

உடை மாத்துற அறைக்கு வெளிய மேடம் நாற்காலியில இருந்தாங்க. கோபமில்ல, அதுதான் கஷ்டமா இருந்தது. "நாலு ஆட்டத்து வீடியோ இருந்துச்சு தாஸ். இப்பதான் திவாகர் போட்டுக் காட்டினார். நாலுலயும் இடது காலால எம்பறா. நீங்க பார்த்தீங்களா இல்லையா?"

"பார்த்தேன் மேடம்."

"என்னத்தைப் பார்த்தீங்க?"

"அவ மூஞ்சியைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்."

மேடம் முட்டியைப் பிடிச்சுக்கிட்டு நாற்காலியில நிமிர்ந்தாங்க. அப்புறம், "அப்பாவுக்குத் தெரியாததான்னு நானும் சரிபார்க்காம விட்டேன். என் தப்பும் இருக்கு. ஆனா அடுத்த வருசத்துக்கு உங்க பேரை என்னால சொல்ல முடியாது"ன்னாங்க. சரின்னேன். நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்.

வெளிய லீமா. "என்னங்க அந்தப் பக்கத்தைத் திறந்து விட்டுட்டீங்க? கோட்டயத்துல ஒரு டாக்டர்ட்ட எட்டு மாசம் நடையா நடந்து அந்தக் காலைச் சரி பண்ணினாளே."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல."

மூணு வருசமா லீமாகிட்ட வீட்டுலயும் போன்லயும் தினமும் பேசியிருக்கேன். ஒரு நாள்கூடக் கேட்கலை. பதினேழு வயசு ஜெனோவையே நினைச்சு நினைச்சு ஏங்கிக்கிட்டிருந்துட்டேன். இந்த இருபது வயசுக்காரி யாருன்னு எனக்குத் தெரியலை.

அந்தப் பட்டியல்ல அவ எட்டாவதும் இல்ல, ஒன்பதாவதும் இல்ல. மூணாவது. என் கையால மூணாவதா எழுதி, அந்த ஆளோட சிரிப்புக்குப் பயந்து, அதே கையால அடிச்சேன்.

நவம்பர் 30, ஞாயிறு

லீமா ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மாதா கோயிலுக்குப் போயிட்டா. நான் ஸ்டேடியத்துல விட்டு வந்த பந்துப் பையை எடுக்கப் போறேன்னு சொல்லிட்டுக் கிளம்பினேன். பை திவாகர்கிட்ட பத்திரமா இருக்குன்னு எனக்குத் தெரியும்.

கொச்சிக்கு சாயங்காலம் ஃபைனல். காலைப் பயிற்சி முடிஞ்சு எல்லாரும் கிளம்பிட்டாங்க, ஜெனோ மட்டும் ஃப்ரீ த்ரோ போட்டுக்கிட்டிருந்தா. போய்க் கூடைக்கு அடியில நின்னேன். விழுந்த பந்தை எடுத்துப் போட்டேன். வாங்கி அடுத்ததைப் போட்டா. அப்படியே ஒரு இருபது பந்து போயிருக்கும்.

"ஜெனோ, நீ பதிமூணாவது இல்ல."

"தெரியும்"னா. போட்டா, விழுந்தது.

"மூணாவது."

பந்தைக் கையிலயே வச்சுக்கிட்டு நின்னா. "மூணாவதா? நான் ரெண்டாவதுன்னுல்ல நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

"இல்ல. ரெண்டாவது அந்த ஈரோட்டுப் பிள்ள. தடுக்கிறதுல உன்னைவிட ஒரு படி மேல."

யோசிச்சா. "ம். அது சரிதான்."

சிரிச்சிருவாளோன்னு நினைச்சேன். சிரிக்கலை. "ஏன் எப்பா?"ன்னா.

"பயம். மகளுக்காக செஞ்சான்னு நாலு பேர் பேசிருவாங்கன்னு பயந்தேன். என் பேரைக் காப்பாத்திக்கிட உன் பேரை அடிச்சுட்டேன். நேத்து ஆட்டத்துக்கு உன் காலைப் பத்தி எழுதிக் கொடுத்ததும் என் பேருக்காகத்தான். என்னை மன்னிச்சிரு."

சரின்னு சொல்லலை. பந்தைத் தரையில ரெண்டு தட்டுத் தட்டினா. "அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவகிட்டயும் பதிமூணாவதுன்னுதான் சொல்லியிருக்கேன்."

அதுக்குத்தான் அவ கண்ணு நிறைஞ்சது. எனக்காக இல்ல, அவளுக்காகவும் இல்ல. "மூணு வருசமா தினமும் போன்ல, அப்பா நியாயமாத்தான் செய்வாங்க, அப்பா நியாயமாத்தான் செய்வாங்கன்னு சொல்லுதாங்க எப்பா. மாமாகூடப் பேச்சை விட்டாங்க. அதைக் கேட்டுக் கேட்டு நான் அம்மாகிட்டயும் பாதியைப் பேசாம விட்டுட்டேன்."



பந்தை என்கிட்ட போட்டுட்டுப் பையை மாட்டிக்கிட்டா. "போய் அம்மாகிட்ட சொல்லுங்க. என்கிட்ட சொன்ன மாதிரியே சொல்லணும், மூணாவதுன்னு. சொல்லிட்டு ரெண்டு பேரும் சாயங்காலம் ஆட்டத்துக்கு வாங்க. சொல்லலைன்னா வராதீங்க."

இப்ப கோயில் காம்பவுண்டுல வேப்ப மரத்தடி பெஞ்சுல உட்கார்ந்து எழுதிக்கிட்டிருக்கேன். அரை மணி நேரமா எழுதுறேன். எழுதுற வரைக்கும் எழுந்து போக வேண்டாம்ல, அதான். பூசை முடிஞ்சு ஆளுங்க வெளிய வர்றாங்க. லீமா முக்காட்டை எடுத்துட்டு செருப்பைத் தேடுறா. என்னைப் பார்த்துட்டா. நான் கோயிலுக்கு வந்ததுல அவளுக்கு அவ்வளவு சந்தோசம், அங்கேருந்தே கையைக் காட்டுறா.